பின்பாரம்

எங்கள் மோட்டார் பட்டறைக்கு யோசனை கேட்க வருகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். "இழுக்குமா?" தம்பானூரில் இத்தனை வருஷம் உட்கார்ந்திருக்கிறேன், "நிற்குமா?" என்று ஒருத்தர் கேட்டதில்லை. வக்கீல் கல்யாணராமய்யரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் பொய் சொல்லியிருக்க மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

இன்ஸ்பெக்டர் சார், நீங்கள் செங்கோட்டைப் பக்கத்துக்காரர், தமிழிலேயே சொல்லலாம் என்றார்கள். அதனால் நிதானமாகச் சொல்கிறேன். டிரைவர் தாசையனை உள்ளே வைத்திருப்பது சரியில்லை. இறக்கத்தில் வேகமாக ஓட்டினான் என்று எழுதியிருக்கிறீர்களாம். அவன் பாறசாலைக்காரன், வேதக்காரன், ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவன், கள்ளைத் தொடாதவன். மாட்டுவண்டி வந்தால்கூட ஒதுங்கி வழிவிடுகிறவன். நான் பேசி முடித்ததும் அவனை விட்டுவிடுங்கள்.

என் பெயர் சாம்பசிவன். வீடு கரமனையில். விஜயம் என் தங்கை. கல்யாணமான மறு வருஷமே புருஷனைப் பறிகொடுத்துவிட்டு என்னிடம் வந்து சேர்ந்தாள். அன்றிலிருந்து எனக்கு வடித்துக் கொட்டியது அவள்தான். அவளுக்காகத்தான் நான் கல்யாணமே செய்துகொள்ளவில்லை என்று தெருவில் பேசிக்கொள்வார்கள். நான் மறுத்ததில்லை. காலையில் அவள் காப்பி டம்ளரை மேஜையில் வைக்கும் சத்தத்தில்தான் எனக்குப் பொழுது விடியும்.

வக்கீலின் சம்சாரம் ஜெயலக்ஷ்மி மாமிக்கு வாதம். குற்றாலத்து சீசனில் ஒரு மாதம் இருந்தால் தேவலை என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாமியால் ரயிலில் உட்கார முடியாது. வெளியில் பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டார், அவ்வளவு ஆசாரம். அப்போதுதான் வக்கீலுக்கு அந்த எண்ணம் வந்தது. காருக்குப் பின்னால் ஒரு டிரெய்லரைக் கட்டி இழுப்பது, அதில் படுக்கை, அடுப்பு எல்லாம். வெள்ளைக்காரன் சிலோனில் அப்படிப் போகிறான் என்று எங்கோ பார்த்திருக்கிறார். மாமி அதற்கு வீட்டுவண்டி என்று பெயர் வைத்தார். மடியாகச் சமைத்துப் போட விஜயம் கூடப் போவதாக ஏற்பாடு.

அதுவரைக்கும் எனக்கு ஒன்றுமில்லை. ஒரு மாதம்தானே, சமாளித்துக்கொள்ளலாம். ஒரு சாயங்காலம் இலை போட்டுவிட்டு அவள் மெதுவாக ஆரம்பித்தாள்.

"அண்ணா, மாமி ஒண்ணு சொல்றா. குத்தாலத்துலேர்ந்து அப்படியே மதராஸுக்குக் கூட்டிண்டு போறாளாம். அங்கே என்னை மாதிரி இருக்கறவாளுக்கு வாத்தியார் படிப்பு சொல்லித் தராளாம்."

"உன்னை மாதிரின்னா?"

"உனக்குத் தெரியாதா அண்ணா. ரெண்டு வருஷம்தானே. லீவு விட்டா ஓடி வந்துடுவேன். இன்னும் நிச்சயம்னு ஒண்ணுமில்லை. நீ சரின்னாத்தான்."

"நான் என்ன சாப்பிடறது?"

அவள் ரசத்தை ஊற்றினாள். முகத்தில் அப்படியொரு வெளிச்சம் இருந்தது, அதை நான் அவளுடைய கல்யாணத்தன்று பார்த்தது.  சரி என்று சொன்னேன். வேறு என்ன சொல்ல முடியும்? அவள் சந்தோஷத்துக்குக் குறுக்கே நிற்கிற அண்ணன் என்று பெயர் எடுக்க எனக்கு இஷ்டமில்லை.

மறுநாள் வக்கீல் பட்டறைக்கு வந்தார். எங்களிடம் இரண்டு டிரெய்லர்கள் இருந்தன. ஒன்று சின்னது, கித்தான் கூரை, பலகை மெலிசு. அதன் சக்கரங்களுக்குத் தனியாக பிரேக் உண்டு. கார் நிற்கும்போது அதுவும் தன்னைத்தானே பிடித்துக்கொள்ளும். மற்றது முழுக்கத் தேக்கு, கப்பல் மாதிரி கனம். பிரேக் கிடையாது. ஒரு சர்வே துரை அதைச் சமவெளியில் வைத்துக்கொண்டிருந்துவிட்டுச் சீமைக்குப் போகும்போது விற்றது.

காருக்கு எது பொருந்தும் என்று பார்ப்பது பெரிய வித்தையில்லை. பின்னால் வருவது காரைவிட நன்றாக இலேசாக இருக்க வேண்டும். மலையில் இறங்குவதானால் அதற்குச் சொந்த பிரேக் வேண்டும். பாரத்தை முன்பக்கமாக ஏற்ற வேண்டும். இந்தக் கடைசி விஷயம் மாட்டுவண்டிக்காரனுக்கே தெரியும். பின்பாரம் ஏறினால் நுகம் மேலே தூக்கும், மாட்டுக்குக் கழுத்து இறுகும். காருக்குக் கழுத்தில்லை, அவ்வளவுதான். அதன் பின்சக்கரங்கள் தரையில் அழுந்தாமல் நிற்கும்.

வக்கீல் என்னைத்தான் பார்த்தார். "எது நல்லது சாம்பு?"

தேக்கு வண்டியைத் தட்டிக் காட்டினேன். "மாமிக்குச் சாரல் அடிக்காது."

"நம்ம கார் இழுக்குமோ?"

"எட்டு சிலிண்டர். யானையையே இழுக்கும்."

அது உண்மை. இழுக்கும்.

அந்த வண்டியில் அடுப்புத் திட்டும் தண்ணீர் டிரம் வைக்கிற இடமும் முன்பக்கம் இருந்தன, காரை ஒட்டி. செய்தவன் தெரிந்துதான் செய்திருக்கிறான். வண்டி பார்க்க வந்த மாமியிடம் நானே கேட்டேன்: "மாமி, டிரைவர் உட்கார்ற பக்கமா மடி ஜலம் வெச்சுக்கறது சரிப்படுமா?" மாமி திடுக்கிட்டுப் போனார். நல்லவேளை சொன்னாய் என்று ஆசீர்வாதம் செய்தார். திட்டையும் டிரம்மையும் வெண்கலப் பானைகளையும் வண்டியின் வால்மூலைக்கு மாற்றிக் கொடுத்தேன். விஜயம் உட்காரும் மணையும் அங்கேயே. மடியாகச் சமைக்கிறவள் வேறு எங்கே உட்காருவாள்?

தாசையன் ஒருநாள் வெள்ளோட்டம் போய்விட்டு வந்தான். பள்ளிச்சல் வரைக்கும் போயிருக்கிறான். இறங்கினவன் முகம் வெளுத்திருந்தது.

"ஸாரே, வளைவில வண்டி வாலை ஆட்டுது, கேட்டேளா. ஸ்டீரிங் கையில நிக்கல்ல. அந்த வெள்ள டிரம்மைக் கொஞ்சம் முன்னால கொண்டு வச்சா எந்தா?"

"மாமி குடிக்கற ஜலத்தை நீ உட்கார்ற பக்கம் வைக்கச் சொல்றியா தாசையா?"

நான் கத்தவில்லை. இப்போது உங்களிடம் பேசுகிற குரலில்தான் கேட்டேன். அவன் தலை குனிந்துகொண்டான். "அய்யோ, அப்படி இல்ல ஸாரே" என்றான். அப்புறம் அவன் அதைப் பற்றி யாரிடமும் வாய் திறக்கவில்லை. உங்களிடமும் திறந்திருக்க மாட்டான். உங்கள் ஆட்கள் அடித்தார்களா என்று நான் கேட்கவில்லை, அடித்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டான். அந்தக் கேள்விக்கு அவனிடம் பதில் கிடையாது. அது தெரிந்துதான் கேட்டேன்.

புறப்படுகிற அன்று விஜயம் எனக்காகப் புளிக்காய்ச்சல் செய்து ஒரு ஜாடியில் வைத்திருந்தாள். சின்ன ஜாடி. வருஷக்கணக்கில் போகிறவள் இவ்வளவுதானா வைத்துவிட்டுப் போவாள் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. வண்டியில் ஏறும்போது அவளிடம் ஒன்று சொன்னேன். "டிரம் குறைஞ்சா தளும்பும், வண்டிக்கு ஆகாது. மலை இறங்கறதுக்கு முன்னாடி நிறைச்சு வெச்சுக்கோ." அவள் "சரிண்ணா, வரேன்" என்றாள். நான் காரையும் வண்டியையும் பிணைக்கிற கொளுத்துவாயைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். போய்விட்டு வா என்று சொன்னேனா இல்லையா, ஞாபகமில்லை.

நான் நினைத்ததைச் சொல்லிவிடுகிறேன். தென்மலை ஏற்றத்தில் கார் திணறும், ரேடியேட்டர் கொதிக்கும், திரும்பி வந்துவிடுவார்கள், குற்றாலமும் வேண்டாம் மதராஸும் வேண்டாம் என்று ஆகிவிடும். இப்படித்தான் நான் தினம் படுக்கும்போது எனக்குச் சொல்லிக்கொண்டேன். கார் திணறாது என்று நான்தான் வக்கீலுக்குச் சொன்னேன் என்பதும் எனக்கு ஞாபகம் இருந்தது. இரண்டும் ஒரே மனசில் இருந்தன. ஒன்றையொன்று தொந்தரவு செய்யவில்லை.

ஆரியங்காவில் நிறுத்தியிருக்கிறார்கள். மடி ஜலம், வேறு யாரும் தொடக்கூடாது. அதனால் விஜயமே கிணற்றில் இறைத்து, குடம் குடமாகச் சுமந்து, டிரம்மை வழிய வழிய நிறைத்திருக்கிறாள். கோட்டைவாசல் தாண்டிப் புளியரைக்கு இறங்குகிற வளைவுகள் உங்களுக்குத் தெரியும். பாதை மழையில் நனைந்திருந்தது. தாசையன் பிரேக்கை மிதித்தான். கார் நிற்கப் பார்த்தது. பின்னால் வந்தது நிற்கவில்லை. தள்ளியது, வாலை வீசியது, கொளுத்துவாயைப் பிய்த்துக்கொண்டு கைப்பிடிச் சுவரைத் தாண்டிப் போய்விட்டது. கார் பாறையில் மோதி நின்றது. வக்கீலுக்குக் கால் முறிந்தது. வண்டியில் படுத்திருந்த மாமி சரிவின் பாதியிலேயே படுக்கையோடு உயிர் போய்க் கிடந்தாராம். மாமியை நான் நினைக்கவில்லை. அது தப்புத்தான்.

விஜயத்தைக் கீழே, பானைகளுக்கு நடுவே கண்டெடுத்தார்கள். புடவை முழுக்க நனைந்திருந்தது. நான் போய்ப் பார்த்தபோது கையில் குடம் சுமந்த வடு இன்னும் சிவப்பாக இருந்தது. நான் அழுதேன். இங்கே உங்கள் முன்னால் அழவில்லை என்பதால் துக்கம் இல்லை என்று எழுதிவிடாதீர்கள். வீட்டில் கொடியில் அவள் உலர்த்திய புடவை அப்படியே இருக்கிறது. எடுக்கக் கை வரவில்லை. புளிக்காய்ச்சலைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிசைந்து சாப்பிடுகிறேன். இன்று காலையும் அதுதான். அடி தெரிகிறது.

வண்டியைத் தேர்ந்தெடுத்தது நான். பாரத்தைப் பின்னுக்குத் தள்ளியது நான். டிரைவரின் வாயை அடைத்தது நான். டிரம்மை நிறைக்கச் சொன்னதும் நான். என்ன ஆகும் என்று தெரிந்துதான் செய்தேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்றே ஒன்று பாக்கி. நேற்று லாக்கப்பில் தாசையனைப் பார்க்க விட்டீர்கள். அவன் என்னைக் கண்டதும் கைகூப்பி அழுதான். ஆரியங்காவில் விஜயம் குடத்தோடு வரும்போது மாமியிடம் பேசிக்கொண்டது அவன் காதில் விழுந்திருக்கிறது. எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துச் சொன்னான்.

"மதராஸ் வேண்டாம் மாமின்னு சொல்லிச்சு ஸாரே. அண்ணாவுக்கு ஒரு மாசத்துக்குத்தான் புளிக்காய்ச்சல் வச்சிருக்கேன், அது தீரதுக்குள்ள நான் திரும்பிப் போணும்ன்னு."

ஆறுதலாகத்தான் இருந்தது. ராத்திரி ரொம்ப நாளைக்கப்புறம் தூங்கினேன். பார்த்தீர்களா, என் தங்கையை எனக்குத் தெரியாதா? அவள் என்னை விட்டுவிட்டுப் போகிறவளே இல்லை.