இத்ரீஸ் தொடாத கோப்பை

மேடையில் வீற்றிருக்கும் அமைச்சக விருந்தினர்களே, நம் தொலைக்காட்சியின் தலைவர் பதர் அவர்களே, அழுது களைத்த செய்தியறைத் தோழர்களே, உங்கள் அனைவர்மீதும் அமைதி உண்டாகட்டும்!

தலைமைச் செய்தியாளர் இத்ரீஸ் அல்-தாஹிர் போய்விட்டார். வரைபடத்தில் விரல் நுனிக்குள் மறைந்துவிடும் இந்த நாட்டை உலகம் எதனால் அறிந்தது? படையாலா? நம்மிடம் ஏது படை! எரிவாயுவாலா? அதை விற்பவன் பெயரை யார் நினைவில் வைக்கிறார்கள்? இத்ரீஸின் குரலால் அறிந்தது. அந்தக் குரல் போய்ச் சேர்ந்த ஊர்களில்தான் நம் அமைச்சர்களுக்குக் கதவு திறந்தது.

அண்டை நாட்டில் மக்கள் கிளர்ந்தபோது அரண்மனையே அவரை அனுப்பிவைத்தது. அந்நாட்டு அரசரோடு அப்போது நமக்குப் பகை. அங்கே ரம்லா என்ற செவிலி, காயம்பட்டவர்களைக் காவலர்கள் கட்டிலிலிருந்து இழுத்துப் போனதை நம் கேமரா முன் சொன்னாள். உலகமே பார்த்தது. நமக்கு விருதும் வந்தது.

பிறகு? இரு அரசர்களும் நம் விமான நிலையத்தில், நம் முறைப்படி மூக்கோடு மூக்கு உரசிச் சமாதானம் ஆனார்கள். அன்றே அந்த நாடு நம் செய்தியிலிருந்து காணாமல் போனது. மறுவாரம் ரம்லாவைப் பிடித்துப் போனார்கள். நாம் ஒரு வரி சொன்னோமா? வெட்கம்!

அவளைப் பிடித்த செய்தியை ஒளிபரப்பக் கேட்டு இத்ரீஸ் தலைவரின் அறைக்குப் போனார். நானும் உடனிருந்தேன். தலைவர் காபி கொடுத்து உபசரித்தார்.

"அந்த அரசர் விருந்தாளியா வந்திருக்கிற நேரத்துல பழைய சண்டைய ஏன்யா கிளறுற?" என்றார்.

"அந்தப் பொண்ணு முகத்த மூடிக்கிட்டுத்தான் பேச வந்தா. நான்தான் தொறக்கச் சொன்னேன். எங்க சேனல் இருக்கு, உன்ன யாரும் தொட மாட்டாங்கன்னு சொன்னேன்."

சொல்லிவிட்டு இத்ரீஸ் கோப்பையைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். கோரிக்கையோடு வந்தவர் காபியைத் தொடாவிட்டால், வீட்டுக்காரர் 'குடியுங்கள், உங்கள் காரியம் முடிந்தது' என்று சொல்லியாக வேண்டும். பாலைவனத்தில் கூடாரம் போட்டு வாழ்ந்த காலத்திலும் யாரும் இதை மீறியதில்லை. தலைவர் பணியாளரைக் கூப்பிட்டுக் கோப்பையை எடுத்துப் போகச் சொன்னார்.

அதன்பின் சாகும்வரை இத்ரீஸ் கேட்டுக்கொண்டே இருந்தார். இன்று காலை நாம் ஒளிபரப்பிய அஞ்சலியில் அந்த நாட்டுக் காட்சி ஒன்றுகூட இல்லை. செத்த மனிதரையும் வெட்டி ஒட்டிவிட்டோம்.

அவர் பணியைத் தொடர்வோம் என்று மேடையில் எல்லோரும் சொன்னீர்கள். நானும் உறுதி கூறுகிறேன். இன்று மாலைச் செய்தி வாசிக்கப்போவது நான். நேரலை. ரம்லா இன்னும் சிறையில் இருக்கிறாள் என்பதே என் முதல் செய்தி. திரையை அணைக்க வேண்டுமென்றால், உலகம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அணையுங்கள்.