அம்மா மட்டும் படிக்கவும்

– வேண்டாம் டீச்சரம்மா. எனக்கு ஃபெயில்னே போட்டுக்குங்க.

– என்ன சார் இது? வந்த மெயிலைத் திறக்கணும், ஒரு வரி பதில் போடணும், அவ்வளவுதான் பரீட்சை. அந்த வரிமேல மௌஸை வச்சு ஒரு தட்டு தட்டுங்க.

– தட்ட மாட்டேன்.

– டீச்சர், மூணு வாரமா மக பதிலுக்குக் காத்துக் கிடந்தாரு மனுஷன். இப்ப வந்து நிக்குது, தொட மாட்டேங்கிறாரு.

– அழகு நிலையம், உன் மிஷினைப் பாரு.

– என் மிஷின்ல என்ன இருக்கு, தள்ளுபடி விளம்பரம். கதை உங்களுதுலதானே ஓடுது.

– பார்லர் அக்கா, கொஞ்சம் சும்மா இருங்க. சார், மக அனுப்பினதுதானே?

– அனுப்பினது மகதான். தலைப்பைப் படிங்க. "அம்மா மட்டும் படிக்கவும்."

– இருக்கட்டுமே, நீங்க பழகுற மெயில் பெட்டிதானே?

– பெட்டி என் வீட்டுக்காரியோடது, மகளே எப்பவோ ஆரம்பிச்சுக் குடுத்தது. அவ போன் நம்பரை வச்சுத்தானே நீங்க இங்க திறந்து விட்டீங்க? முப்பத்தாறு வருஷம் தபால் பை சுமந்தவன் நான். அடுத்தவங்க கவரை வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சுக்கூடப் பாத்ததில்ல.

– நானா இருந்தா பசை காயறதுக்குள்ள படிச்சிருப்பேன்.

– அதனாலதான் அரசாங்கம் உன் தோள்ல பையை மாட்டல.

– நீங்க அப்படி என்னதான் எழுதினீங்க சார்?

– அது சொந்த விஷயம்.

– நான் சொல்றேன் டீச்சர். பக்கத்து சீட்டுல கண்ணை மூடிக்கிட்டா உக்கார முடியும்? பொண்ணு பேங்க் வேலையை விட்டுட்டு நாடகக் குழுவுல சேந்துச்சு. இவரு, "இனி இந்த வாசப்படி மிதிக்காதே"ன்னுட்டாரு. பதினாலு மாசம் ஆச்சு, இவர் போன் பண்ணா அது எடுக்கிறதில்ல. அதான் இந்தக் கம்ப்யூட்டர் கிளாஸ்ல வந்து சேந்து, ஒத்தை விரலால ரெண்டு நாள் அடிச்சாரு: "அன்புள்ள மகளுக்கு, தவறு என்னுடையது. தயைகூர்ந்து மன்னிக்கவும்."

– புள்ளி, கமா விடாம ஒப்பிக்கிறா பாருங்க.

– இவ்வளவு நல்லா எழுதியிருக்கீங்க, நல்ல பதிலாத்தான் சார் இருக்கும்.

– நல்ல பதில்னா என் பேருக்கு வந்திருக்கும். "அம்மா மட்டும்"னா என்ன அர்த்தம்? இந்த ஜென்மத்துல என்னை மன்னிக்கப் போறதில்ல. அணைங்கம்மா மிஷினை.

– சரி, வீட்டுக்குப் போய் அம்மாகிட்டயே காட்டுங்க.

– அதுவரைக்கும் யாரு பொறுக்கிறது? ஐயையோ! கை பட்டுடுச்சு டீச்சர்!

– அடிப்பாவி! என் மௌஸ்ல உன் கை எப்படிப் படும்?

– திறந்துக்கிச்சே! எனக்கு மூடத் தெரியாதே!

– மூடறது ரெண்டாவது பாடம் அக்கா.

– அன்னிக்கு நான் லீவு. "அம்மா, நான் சொல்றதை..."

– வாசிக்காதே! நான் காதைப் பொத்திக்கிறேன்.

– பொத்திக்குங்க. "நான் சொல்றதைக் கேட்டுப் பதறாதே. உன் மெயிலுக்குள்ள எவனோ ஏமாத்துக்காரன் புகுந்துட்டான். அப்பா பேர்ல எனக்குக் கடிதம் போட்டிருக்கான், இன்னிக்குத்தான் பாத்தேன். தவறு என்னுடையதாம், மன்னிக்கவுமாம்! நம்ம அப்பாவாவது, மன்னிப்புக் கேக்கறதாவது! பாஸ்வேர்டை உடனே மாத்து."

– சார், ஏன் சார் ஒரு மாதிரி ஆயிட்டீங்க? காதைப் பொத்தலையா?

– ஒண்ணைத்தான் பொத்தினேன். தள்ளுங்க டீச்சரம்மா. பதில் போடறது எங்க?

– இந்த அம்புக்குறி சார். அக்கா, எட்டிப் பாக்காதீங்க.

– எட்டியெல்லாம் பாக்கல, நேராவே தெரியுது. "கழுதை." ஐயோ, மறுபடியும் திட்டறாரு டீச்சர்! "கழுதை. திருடன் இல்லடி, உங்கப்பன்தான். பெத்தவன் யாரு, ஏமாத்துக்காரன் யாருன்னு தெரியாத நீ, பேங்க் வேலையை விட்டதே நல்லது. நாடகத்துல என்ன வேஷம் போடற? முன் வரிசையில எனக்கும் உங்கம்மாவுக்கும் சீட்டு பிடிச்சு வை." அனுப்பியே விட்டுட்டாரு!

– பரீட்சை பாஸ் சார்.

– பாஸாவது ஒண்ணாவது. கெட்டதை இன்னும் கெடுத்துட்டேனோ என்னமோ.

– இருங்க இருங்க, மேல புதுசா ஒரு வரி வந்து நிக்குது. மகதான் டீச்சர்! அதுக்குள்ள!

– அழகு நிலையம், கையை எடு. யாருக்கு வந்திருக்குன்னு முதல்ல தலைப்பைப் படி.

– "அப்பா மட்டும் படிக்கவும்."