முப்பதாவது சீட்டு

காலியான சாக்பீஸ் டப்பாவை நான் தூக்கிப் போடுவதே இல்லை, இன்ஸ்பெக்டர் ஐயா. குண்டூசி போட்டு வைக்கலாம், பட்டன் போட்டு வைக்கலாம். நான் சீட்டுப் போட்டுக் குலுக்கினேன். உங்கள் மேஜைமேல் இருக்கிறதே, அதே டப்பாதான்.

என் பெயர் தனசிங். ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் பதினாறு வருடமாக விரிவுரையாளர். கல்வி உளவியலில் டாக்டர் பட்டத்துக்குப் பதிவு செய்து ஐந்து வருடம் ஓடிவிட்டது. என்னோடு பதிவு செய்தவர்கள் பட்டம் வாங்கிவிட்டு, தாம்பரம் ஸ்டேஷனில் என்னைக் கண்டால், "இன்னும் முடியலையா தனசிங்?" என்று விசாரிப்பார்கள். அதற்குப் பயந்து இரண்டு ரயிலை விட்டு மூன்றாவதில் ஏறியிருக்கிறேன். பயம் என்னவென்று எனக்கும் தெரியும் என்பதற்காகச் சொல்கிறேன்.

என் ஆராய்ச்சி பயமும் மனப்பாடமும் பற்றியது. பூச்சாண்டி காட்டிச் சோறூட்டாத தாய் உண்டா? பிரம்பைக் காட்டாத வாத்தியார் உண்டா? ஊரே செய்வதைத்தான் நானும் செய்தேன். நான் அளந்து எழுதி வைத்தேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

எங்கள் மாதிரிப் பள்ளியில் ஆறாம் வகுப்பு இரண்டு பிரிவும் சேர்த்து அறுபது பிள்ளைகள். என் மகள் புஷ்பமும் அதில் ஒருத்தி. அறுபது பெயரையும் சீட்டில் எழுதிக் குலுக்கி, முதலில் வரும் முப்பது பேருக்குச் சிவப்பு அட்டை, மற்றவர்களுக்கு வெள்ளை. யாருக்கு எது என்பதை ஆராய்ச்சியாளன் தீர்மானிக்கக் கூடாது. நான் ஜெபம் பண்ணிவிட்டுத்தான் குலுக்கினேன்.

வாராவாரம் எல்லோரும் நாற்பது சொற்களை மனப்பாடம் செய்து ஒப்பிக்க வேண்டும். வெள்ளை அட்டைக்காரர்களுக்கு அதற்குமேல் ஒன்றுமில்லை. சிவப்பு அட்டைக்காரர்களை மட்டும் ஒவ்வொருவராக அறைக்குக் கூப்பிட்டேன். உனக்கு மறதி நோய் ஆரம்பித்திருக்கிறது, மார்க் குறைந்தால் வெள்ளை வேன் வந்து கீழ்ப்பாக்கம் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்விடும், வீட்டில் சொன்னால் மறுநாளே வரும் என்றேன். குரலை உயர்த்தவில்லை. தலையைத் தடவிக்கொடுத்துத்தான் சொன்னேன்.

லோகநாயகி, பல்லாவரம் கல்குவாரியில் வேலை செய்யும் கனகவல்லியின் பெண். புஷ்பத்தோடு ஒரே பெஞ்சு. முதல் வாரம் இருபத்திரண்டு சொல் ஒப்பித்தாள். அடுத்து இருபத்தொன்பது, பிறகு முப்பத்துநான்கு, முப்பத்தேழு. சிவப்பு அட்டையில் அவளை மிஞ்ச ஆளில்லை. மத்தியானச் சோற்றைத் தொடுவதில்லை, நகத்தை ரத்தம் வரக் கடிக்கிறாள் என்பதையும் குறிப்பேட்டில் எழுதியிருக்கிறேன். எதையும் மறைக்கவில்லை.

ஒருநாள் சாயங்காலம் புஷ்பம் வந்து என் பக்கத்தில் நின்றாள்.

"அப்பா, லோகநாயகிக்கு என்ன சீக்கு? வேன் சத்தம் கேட்டாலே என் கையைப் பிடிச்சுக்கிறா. எனக்கும் அந்தச் சீக்கு வருமாப்பா?"

"உனக்கு வராதுடா கண்ணு. வரவே வராது" என்று அவளைக் கட்டிக்கொண்டேன். அன்று இரவு அவள் தூங்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். ஏன் என்று அப்போது யோசிக்கவில்லை.

அடுத்த திங்கட்கிழமை கனகவல்லி அரை நாள் கூலியை விட்டுவிட்டு வந்தாள். உடம்பெல்லாம் கல் தூசி. வாசற்படி தாண்டி உள்ளே வரவில்லை.

"சார், பாப்பா ஒண்ணும் துன்றதில்ல சார். ராவெல்லாம் குந்திகினு எதையோ ஒப்பிச்சிக்கினே கீது. இன்னாம்மான்னு கேட்டா வாயப் பொத்திக்குது. எனக்கு ரொம்ப பயமா கீது சார். நீங்க கேட்டா சொல்லும்."

ஒரு வார்த்தை போதும் என்று எனக்குத் தெரியும். அதெல்லாம் பொய்யம்மா, உன் பெண்ணுக்கு ஒன்றுமில்லை என்றால் முடிந்தது. ஆனால் கடைசிப் பரீட்சை வெள்ளிக்கிழமை. நடுவில் சொன்னால் ஐந்து வருட உழைப்பு பாழ். சனிக்கிழமை கூட்டிக்கொண்டு வாங்க, நானே பேசுகிறேன் என்றேன். கும்பிட்டுவிட்டுப் போனாள்.

வியாழக்கிழமை அம்மை குத்துகிறவர்கள் வந்தார்கள். வந்தது வெள்ளை வேன்.

நான் மாடி ஜன்னலிலிருந்து பார்த்தேன். மற்றப் பிள்ளைகள் ஊசிக்குப் பயந்து மூலைக்கு மூலை ஒளிந்தார்கள். லோகநாயகி மட்டும் நேரே ஓடினாள். இடிந்த சுவரைத் தாண்டி, தண்டவாளத்தின் குறுக்கே, குவாரி இருக்கும் திக்கில். பீச் ஸ்டேஷனிலிருந்து வரும் மின்சார ரயிலை அவள் பார்க்கவில்லை. என் ஜன்னலுக்குக் கீழே ஓடியபோது அவள் உதடு அசைந்துகொண்டிருந்தது. ஒப்பித்துக்கொண்டிருந்தாள் என்று நினைக்கிறேன்.

பாவம், ஊசிக்குப் பயந்து ஓடிவிட்டாள் என்று பள்ளிக்கூடமே அழுதது. நானும் அப்படித்தான் சொன்னேன். பிறகு கனகவல்லி, மகளின் பைக்குள் கிடந்த சிவப்பு அட்டையைத் தலைமையாசிரியை ரத்தினபாயிடம் கொண்டுபோய்க் காட்டினாள். அந்த அம்மாள் மற்ற இருபத்தொன்பது பேரையும் கூப்பிட்டு விசாரித்தார். அதனால்தான் இன்று உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன்.

குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா என்று கேட்டீர்கள். ஒப்புக்கொள்கிறேன். அட்டவணையில் லோகநாயகிக்கு நேரே கடைசிப் பரீட்சைக்கு முப்பத்தொன்பது என்று இருக்கிறதே, அது பொய். அவள் ஒப்பிக்காத பரீட்சை. முப்பது பேரில் ஒன்று குறைந்தால் கணக்கு நிற்காது. இருந்திருந்தால் அவ்வளவு வாங்கியிருப்பாள் என்பதால் எழுதினேன். ஆராய்ச்சியாளன் செய்யக் கூடாத தவறு.

இன்னொரு தவறும் உண்டு. அதற்கு முன் தயவுசெய்து அந்தக் கதவைச் சாத்தச் சொல்லுங்கள். வெளியே பெஞ்சில் புஷ்பம் இருக்கிறாள். அவள் அம்மா காலமாகி நாலு வருடம், வீட்டில் விட்டுவர ஆளில்லை. நீங்கள் என்ன செய்தாலும் சரி, இது அவள் காதில் விழக் கூடாது. என் பயமெல்லாம் அது ஒன்றுதான்.

சீட்டுக் குலுக்கிய அன்று முப்பதாவதாக வந்தது லோகநாயகி இல்லை. புஷ்பம். அந்தச் சீட்டை மறுபடி மடித்து டப்பாவில் போட்டுவிட்டு வேறொன்றை எடுத்தேன்.

ஒரு கெடுதலும் வராத சோதனைதான், ஐயா. ஆனாலும் பெற்ற மனசு கேட்கவில்லை.