கோட்டை வாசல் அத்தியாயம்

“இளவேலனைக் கொன்னது அந்த டைரக்டர்தான். அந்தாளச் சும்மா விடக் கூடாது.”

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பஸ்ஸில், முன் சீட்டிலிருந்து இப்படிக் கேட்டதும் நான் போனை மடியில் வைத்துவிட்டேன். நாற்பதைத் தாண்டிய இரண்டு பெண்கள். பயந்தது மாதிரி கொலை எதுவும் இல்லை. வாரப் பத்திரிகையில் எப்போதோ வந்த மாயாஜாலத் தொடர்கதை ஒன்று இப்போது வெப் சீரிஸாக வந்திருக்கிறது. இளவேலன் அதில் வரும் வீரன்.

“கதையிலயே அவன் சாவுறான் கலா. யாளி மேல ஏறிப் போயி, கோட்டை வாசல்ல அம்பு பட்டு.”

“எங்க வீட்டு புக்குல அப்படி இல்ல மேரி. யாளி மேல ஏறிப் போறான், அவ்ளோதான்.”

“அதுக்கப்புறம் எங்கயாவது வரானா?”

“வரல. வருவான் வருவான்னு பாத்துக்கிட்டே இருந்தேன்.”

“உன் பைண்டிங்ல ஒரு வாரம் விட்டுப்போயிருக்கும்டி.”

“எங்கம்மா வாராவாரம் கிழிச்சி சேத்துவெச்சிதான் பைண்டிங் குடுத்தாங்க. ஒரு வாரம்கூட விட மாட்டாங்க.”

பஸ் புதுச்சத்திரத்தில் நின்று கிளம்பியது.

“அப்ப நான் சின்னப் பொண்ணு,” என்றாள் கலா. “அந்த யாளிக்குக் கால்ல அடிபட்டதுக்கே ராத்திரி சோறு திங்காம அழுதேன். அம்மாதான் அந்த வாரத்த மட்டும் எடுத்திருப்பாங்க.”

மேரி தன் போனை நீட்டினாள். “அந்த அத்தியாயம் இதுல இருக்கு. படிக்கிறியா?”

கலா அதை வாங்கவில்லை.

“வேணாம்டி. எங்கம்மா அவனக் காப்பாத்தி வெச்சிருக்காங்க. அப்படியே இருக்கட்டும்.”