கேட்டால் இல்லை என்னக் கூடாது

அருகே வந்து உட்காருங்கள், என் செல்லங்களே. காலை நீட்டிக்கொள்ளுங்கள், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். எங்கள் மலுக்குத் தீவில் இரண்டு ஊர்கள் உண்டு. ஹத்துலேசி, சர்ச் மணி அடிக்கிற ஊர். வைரூமா, பாங்கு சொல்கிற ஊர். இரண்டு ஊர் முப்பாட்டன்களும் ஒரே கிண்ணத்தில் குடித்து ஆணையிட்டுக்கொண்டார்கள். அதற்குப் பெயர் பெலா. ஒரு ஊர் வந்து கேட்டால் மற்ற ஊர் இல்லை என்னக் கூடாது. அந்த ஆணையை வைத்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை சாயங்காலம், ஹத்துலேசி போதகர் யோசீனா வீட்டு முன்னறையில் நடந்த பேச்சைச் சொல்லப்போகிறேன். சபைக் கமிட்டித் தலைவர் ஒபெத் அங்கே இருந்தார். வைரூமாவிலிருந்து மீன்காரி ஜலேகா படகில் வந்திருந்தாள். இனி அவர்களே பேசுவார்கள். நான் குறுக்கே வர மாட்டேன்.

யோசீனா: ...மெதுவாப் பேசு ஜலேகா. உள்ள தூங்கறார்.

ஜலேகா: குறட்டையா அது? படகு மோட்டாரை யாரோ அணைக்காம வந்துட்டாங்கன்னு நெனச்சேன்.

ஒபெத்: நாளைக் கூட்டத்துல பேச டாக்டர் ஹெர்மான் ரெண்டு நாள் பயணம் பண்ணி வந்திருக்கார். கேலி வேண்டாம்.

ஜலேகா: கேலி இல்லண்ணே. அக்கறை. சாப்பிட்டாரா?

யோசீனா: ஜவ்வரிசிக் களி வெச்சேன். குச்சியில சுருட்டத் தெரியல. பாதி வாய்க்குப் போச்சு, பாதி சட்டைப் பைக்குப் போச்சு.

ஜலேகா: பாவம். தலைநகரத்துல களியெல்லாம் நின்ன இடத்துல நிக்கும் போல.

ஒபெத்: வந்த விஷயத்தைச் சொல்லும்மா. விடிஞ்சாக் கூட்டம். பந்தல் இன்னும் பாதிதான் நிக்குது.

ஜலேகா: கேக்க வந்தேன்.

ஒபெத்: என்ன கேக்க? உப்பா?

ஜலேகா: தோள்ல சிவப்புத் துணியைப் பாருங்கண்ணே. உப்புக் கேக்க யாராவது இதைப் போட்டுட்டு வருவாங்களா.

ஒபெத்: ...பெலா முறையாவா வந்திருக்கே?

ஜலேகா: பெரியவங்க அனுப்பினாங்க.

யோசீனா: அய்யோ. போன தடவை எங்க புது மோட்டார். அதுக்கு முந்தின தடவை ரெண்டு ஆடு.

ஜலேகா: நீங்க மட்டும் சும்மாவா. மசூதிக்குன்னு நாங்க வெட்டி வெச்ச மரத்தைக் கேட்டு வாங்கித்தான் உங்க சர்ச் கூரையே நிக்குது.

ஒபெத்: அதை இங்க யாரும் மறக்கல.

ஜலேகா: கேக்கறதுக்கு முந்தி ஒண்ணு சொல்லுங்க. நாளைக்கு என்ன பேசப் போறார்?

ஒபெத்: விசுவாசத்தைப் பத்தி.

ஜலேகா: உங்க விசுவாசமா, எங்க விசுவாசமா? பக்கத்துத் தீவுல அவர் பேசினதை மருமகன் போன்ல போட்டுக் காட்டினான். எங்களோடது கத்தியால வளந்த மதமாமே. எங்க வீட்டுக் கத்தி தேங்காயே வெட்ட மாட்டேங்குதுண்ணே.

ஒபெத்: அது அவர் சொந்த வார்த்தை இல்ல. பழைய காலத்து ராஜா ஒருத்தர் சொன்னது. படிச்சுக் காட்டினார், அவ்வளவுதான்.

ஜலேகா: படிச்சுக் காட்டின அன்னிக்கே அந்த ஊர்க் கடைத்தெருவுல பதினாலு கடை எரிஞ்சுது.

ஒபெத்: அவரா தீ வெச்சார்?

ஜலேகா: இல்ல. ராஜாவும் வெக்கல. ரெண்டு பேருமே நல்லவங்க. தீ தானா எழுந்து நடந்து போச்சு.

ஒபெத்: உங்க இமாம் மட்டும் என்ன? போன வெள்ளிக்கிழமை சிலுவையப் பத்திச் சொன்னாரே. காத்து எங்க பக்கம்தான் அடிச்சுது, ஒரு வார்த்தை விடாமக் கேட்டுச்சு.

ஜலேகா: சொன்னார், இல்லேங்கல. மூணு நாள் அவர் வீட்டுக்கு நான் மீன் குடுக்கல. வெறும் கீரையத் தின்னு புத்தி வந்துடுச்சு.

யோசீனா: நீ எதையும் சிரிச்சே பேசிடறே.

ஜலேகா: அழுதாப் படகு ஓடுமா அக்கா?

ஒபெத்: உனக்கு விளையாட்டு. எங்க அண்ணன் யோனாவை அன்னிக்கு நடந்த பெரிய மதக் கலவரத்துல... தீவோட அந்தப் பக்கம், மணல்ல இருந்துதான் எடுத்தோம்.

ஜலேகா: தெரியும். எடுத்துட்டு வந்த படகைத் தள்ளினது எங்க அப்பா.

ஒபெத்: ...ஆமா. அவர்தான்.

ஜலேகா: எங்க பக்கமும் நாலு பேர் போனாங்க. தீவே எரிஞ்சப்பவும் நம்ம ரெண்டு ஊர் மட்டும் ஒருத்தர் மேல ஒருத்தர் கை வெக்கல. இப்ப கூட்டம் முடிஞ்சு உங்க பசங்க எங்க மசூதி வழியா ஊர்வலம் வரப் போறாங்களாம். என் வீடு மசூதிக்கு அடுத்த வீடு.

ஒபெத்: பாட்டுப் பாடிட்டுத்தானே வரப் போறாங்க.

ஜலேகா: பாட்டுக்கு எதுக்குண்ணே அரிவாள்? வர்ற வழியில பட்டறையைப் பாத்தேன். தீட்டறதுக்கு வரிசை நிக்குது. தேர்தலுக்குக் கூட இவ்வளவு வரிசை நின்னதில்ல.

ஒபெத்: அது... அது எனக்குத் தெரியாது.

யோசீனா: இதெல்லாம் பேசிப் பிரயோசனம் இல்ல ஜலேகா. கமிட்டி முடிவு பண்ணிடுச்சு, நான் கையெழுத்துப் போட்டுட்டேன். கூட்டத்தை நிறுத்துன்னு கேக்க வந்திருந்தா, நான் நிறுத்தினாலும் பசங்க நிறுத்த மாட்டாங்க.

ஜலேகா: கூட்டத்தை யார் நிறுத்தச் சொன்னா? நல்லா நடத்துங்க. நான் கேக்கறது வேற.

யோசீனா: கேளு.

ஜலேகா: உங்க விருந்தாளியக் குடுங்க.

ஒபெத்: ...என்னது?

ஜலேகா: உள்ள மோட்டார் ஓட்டறாரே, அவரை. இன்னிக்குப் பொழுது சாயறதுக்குள்ள எங்க ஊருக்கு. திங்கக்கிழமை கப்பலுக்கு நாங்களே ஏத்தி விட்டுடறோம்.

யோசீனா: முடியாது.

ஒபெத்: மரம் கேப்பாங்க, ஆடு கேப்பாங்க. ஆளைக் கேக்கற வழக்கம் எங்க இருக்கு?

ஜலேகா: எங்க கணக்கு வாத்தியாரை ஒரு பருவம் முழுக்கக் கேட்டு வாங்கினது யாரு? நீங்கதானே வந்து நின்னீங்க, இதே மாதிரி சிவப்புத் துணியோட.

ஒபெத்: அது பசங்க பரீட்சைக்கு...

ஜலேகா: இதுவும் பசங்களுக்குத்தாண்ணே.

யோசீனா: ஆட்டை எடுத்துக்கோ. மோட்டாரையும் எடுத்துக்கோ. சர்ச் ஆர்மோனியத்தைக் கூட எடுத்துக்கோ.

ஒபெத்: போதகரம்மா, ஆர்மோனியத்தையா...

ஜலேகா: எனக்கு வாசிக்கத் தெரியாது. அவர்தான் வேணும்.

யோசீனா: அவர் என் கூரைக்குக் கீழ இருக்கார். நான் பொறுப்பு. அதனால ஜலேகா, பெலா முறையோ என்ன முறையோ, என் பதில் இல்...

ஒபெத்: நிறுத்துங்க. அந்த வார்த்தையை வாயால சொல்லாதீங்க.

யோசீனா: ஏன்?

ஒபெத்: நீங்க வெளியூர்லேருந்து வந்தவங்க, உங்களுக்குத் தெரியாது. எங்க தாத்தா ஒரு கூடை வாதாங்கொட்டைக்கு அந்த வார்த்தையைச் சொன்னார். வருஷம் பூரா அவர் வலையில கூழாங்கல்லு தவிர ஒண்ணும் ஏறல.

யோசீனா: அதுக்காக ஒரு பெரிய மனுஷரைத் தூக்கிக் குடுக்கறதா? அவருக்கு ஏதாவது ஆச்சுன்னா?

ஜலேகா: அவர் தலையில ஒரு முடி உதிர்ந்தாலும் ஆணை எங்க மேல விழும்.

யோசீனா: அவருக்கு முடியே கிடையாதே.

ஜலேகா: அப்ப ஒரு கவலையும் இல்ல.

ஒபெத்: அவரே வரமாட்டேன்னுட்டா?

ஜலேகா: அவருக்கு என்ன பிடிக்கும்?

ஒபெத்: ...கூட்டம் பிடிக்கும்.

ஜலேகா: இருக்கு. வைரூமா முழுக்கத் துறைமேட்டுல நிக்கும். மேளம் உண்டு. மாலை உண்டு. காலைல ஊர் நீளத்துக்கு இலை போட்டுப் பந்தி. அவருக்கு இந்தப் பக்கம் இமாம், அந்தப் பக்கம் ஊர்த்தலைவர். மைக் மட்டும் கிடையாது.

ஒபெத்: இமாம் பக்கத்துலயா?

ஜலேகா: வாயில மீன் இருக்கறப்ப ரெண்டு பேருமே தங்கமானவங்கண்ணே.

ஒபெத்: சரி... பசங்க? அவங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது? கொதிச்சுப் போய் இருக்காங்க.

ஜலேகா: அவங்களையும் சேத்துத்தான் கேக்கறேன். ஐந்நூறு பேருக்கு வாழையிலை வேணும். அரிவாளோடயே வரச் சொல்லுங்க. தீட்டினது வீணாகக் கூடாது பாருங்க.

யோசீனா: ஒபெத்தண்ணே, நீங்க தலையாட்டினா நான் என்ன பண்றது. நான் ஒத்துக்கல, அவ்வளவுதான் சொல்வேன்.

ஒபெத்: நீங்க ஒத்துக்க வேண்டாம். கமிட்டித் தலைவனா நான் குடுக்கறேன். ஜலேகா, கேட்டது குடுத்தாச்சு.

ஜலேகா: அண்ணே...

ஒபெத்: யோனா இருந்திருந்தா அவனும் குடுத்திருப்பான். எனக்கும் ஒரு வாரமா சோறு இறங்கல, தெரிஞ்சுக்கோ. சரி, நான் போய் எழுப்பறேன். அந்தச் சட்டையை வேற மாத்தச் சொல்லணும்.

ஜலேகா: மாலை போட்டா மறைஞ்சுடும்ண்ணே.

யோசீனா: ...போயிட்டாரா?

ஜலேகா: உள்ள போயிட்டார். குறட்டை நின்னுடுச்சு.

யோசீனா: மூணு மணிக்கு வான்னு சொல்லி அனுப்பினேனா இல்லையா? மணி நாலாகப் போகுது.

ஜலேகா: கடல் முனையில அலை ஜாஸ்தி, அக்கா. அதை விடுங்க, ஆர்மோனியத்தைத் தர்றேன்னீங்களே, அது நாம பேசி வெச்சதுல இல்லையே. ஒரு நிமிஷம் எனக்கே ஆசை வந்துடுச்சு.

யோசீனா: நான் மறுத்தாத்தான் அவர் குடுப்பார். ஏழு வருஷமா அவரோட கமிட்டில உக்காந்திருக்கேன். ஆனாலும் நாளைக்கு ஜெபத்துல இதுக்குத் தனியா மன்னிப்புக் கேக்கணும்.

ஜலேகா: எனக்கும் சேத்துக் கேளுங்க. நானும் உங்ககிட்ட ஒண்ணை மறைச்சிருக்கேன்... வர்ற வெள்ளிக்கிழமை எங்க இளைஞர் சங்கம் வெளியூர்லேருந்து ஒரு பெரிய பேச்சாளரைக் கூப்பிட்டிருக்கு. இவரே தாடி வெச்ச மாதிரி இருப்பார். சிவப்புத் துணியை இங்கயே விட்டுட்டுப் போறேன். வியாழக்கிழமை மூணு மணிக்கு இதைப் போட்டுட்டு வந்து அவரைக் கேளுங்க. நான் முடியாதுன்னு நல்லாக் கத்தறேன்.

அவ்வளவுதான், செல்லங்களே. உங்கள் வீட்டு வலை கனக்கட்டும். அடுப்பில் சூடு குறையாதிருக்கட்டும். வெளியே போன பிள்ளைகள் வெளிச்சம் இருக்கும்போதே சிரித்துக்கொண்டு வாசலேறட்டும்.