காலி வீடு

வீடு வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் வீட்டைத் தேர்ந்தெடுத்துவிட்டு வக்கீலைத் தேடுகிறார்கள். என்னைக் கேட்டால் வக்கீலை முதலில் பிடியுங்கள் என்பேன். வீட்டின் குறை ஒரு மழையில் தெரிந்துவிடும். வக்கீலின் குறை எல்லாம் முடிந்த பிறகுதான் தெரியும். நீங்களும் வீடு பார்த்துக்கொண்டிருப்பதாக வாசலில் நிற்கும் காவலர் சொன்னார், இன்ஸ்பெக்டர். அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

நல்ல வக்கீலின் அடையாளம் அவர் கேட்கும் கேள்விகள். ஸ்கார்பரோவில் அப்படி ஒருவர் இருக்கிறார், மிஸஸ் ஆக்ராய்ட். முதலில் அவரிடம்தான் போனேன். வடக்குக் கடற்கரையைப் பார்த்த அந்த உயரமான வீடு முன்பு தங்கும் விடுதியாக இருந்தது. சொந்தக்காரர் ஹரால்ட் குளிர்காலத்தில் இறந்துபோனார். விற்பவன் அவருடைய வாரிசு, மருமகன் ராய்ஸ்டன். அக்கா மகன். இவ்வளவையும் சொன்னேன். பதிவேட்டில் ஹரால்ட் பெயர் மட்டும்தான் இருக்கிறது, வில்லங்கம் ஏதும் இல்லை என்று அவரும் சொன்னார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

“அந்த வீட்டுல இப்ப யாரு இருக்கா, மிஸ்டர் ஹெஸ்லிங்?”

“காலி வீடு என்றுதான் சொல்கிறார்கள்.”

“சொல்றவங்க ஆயிரம் சொல்லுவாங்க. நீங்க உள்ள போய்ப் பாத்தீங்கல்ல? குளியலறையில எத்தனை டூத்பிரஷ் இருந்துச்சு?”

இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்தான் வக்கீல். நான் எண்ணிப் பார்க்கவில்லை என்றேன். அவர் பொறுமையாக விளக்கினார். பதிவேடு எல்லாவற்றையும் சொல்லாது. ஒரு வீட்டை வாங்கும்போது ஒருத்தி தன் காசையும் போட்டு, அங்கேயே வாழ்ந்தும் வருகிறாள் என்றால், பெயர் எழுதப்படாவிட்டாலும் அவளுக்கு உரிமை உண்டு. அந்த உரிமை வீட்டோடு ஒட்டிக்கொண்டு புதிதாக வாங்குபவன் தலையில் வந்து உட்காரும். இதற்கு ஒரே ஒரு விலக்கு. கவனமாகச் சுற்றிப் பார்த்தாலும் அவள் அங்கே இருப்பது தெரியாமலிருக்க வேண்டும். வாங்குபவனுக்கும் அவளைப் பற்றித் தெரிந்திருக்கக் கூடாது. கிரயம் முடிகிற நேரத்தில் நிலைமை அப்படி இருந்தால் போதும்.

“எதுக்குக் கேக்கறேன்னா, அந்த முன் ஜன்னல்ல ஒரு வயசான அம்மா உக்காந்து கடலைப் பாத்துக்கிட்டே இருப்பாங்க. நான் நாயைக் கூட்டிட்டுப் போறப்ப கையாட்டுவாங்க. அவங்க எங்க போனாங்கன்னு விசாரிங்க. இருந்தாங்கன்னா அவங்களுக்குன்னு தனி வக்கீல் வெச்சு, அவங்க பங்கைக் கொடுத்து, கையெழுத்து வாங்குங்க. அப்புறம் நிம்மதியா வாங்குங்க.”

நன்றி சொல்லிவிட்டு வந்தேன். அடுத்த நாளே வேறு வக்கீலைப் பார்த்துக்கொள்வதாக அவருக்கு எழுதிவிட்டேன். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. ஒரே சந்திப்பில் சட்டத்தை இவ்வளவு தெளிவாகச் சொல்லிக்கொடுக்க யாரால் முடியும்.

இரண்டாவது வக்கீல் டாமியன். லீட்ஸில் ஒரு பெரிய கட்டடத்தின் நடுமாடியில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான் என்று நினைக்கிறேன். நேரில் பார்த்ததில்லை. ஒரே சமயத்தில் நூறு வீடுகளைக் கையில் வைத்திருக்கும் ஆள். அவன் கேட்டது ஒன்றே ஒன்று. “வீடு காலிதானே சார்? சரி, காலின்னு போட்டுட்டேன். கடைசி நாள் காலைல ஒருவாட்டி போய்ப் பாத்துட்டு ஒரு வரி எழுதிடுங்க, போதும்.” மலிவான வக்கீல்களை மட்டம் தட்டிப் பேசுவார்கள். ஒவ்வொரு வக்கீலும் ஒருவிதத்தில் பயன்படுவார், நமக்கு எது வேண்டும் என்று தெரிந்திருந்தால்.

இனி அந்த ஜன்னல் அம்மா மேவிஸ் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்லவே பிடிக்கவில்லை.

முதல் தடவை வீட்டைப் பார்க்கப் போனபோது அவள்தான் கதவைத் திறந்தாள். “உள்ள வா கண்ணு, கடல்காத்து காதுக்குள்ள போகும்” என்றாள். அடுக்களையில் மாட்டுக்குடலும் வெங்காயமும் பாலில் வெந்துகொண்டிருந்தன. அந்த வாடை மாடிப்படிக் கம்பளம்வரை ஊறியிருந்தது. எனக்குத் தேநீர் கொடுத்தாள். மேலே பாலாடை சுருங்கி மிதந்தது. கோப்பையின் விளிம்பில் யாருடைய உதட்டுச்சாயமோ காய்ந்திருந்தது. ஜன்னல் திட்டில் ஒரு கண்ணாடித் தம்ளரில் அவளுடைய மேல்வரிசைப் பல் கிடந்தது. அதன் பின்னால் கடல் அவ்வளவு நீலமாக இருந்தது. இப்படி ஒரு ஜன்னலில் அப்படி ஒரு தம்ளர் இருப்பது எவ்வளவு பெரிய வீணடிப்பு என்றுதான் எனக்குத் தோன்றியது.

அவளாகவே எல்லாவற்றையும் சொன்னாள். ஹரால்டும் அவளும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவள் அம்மாவின் தொப்பிக் கடையை விற்ற காசில்தான் பாதி வீடு வாங்கப்பட்டது. விடுதியில் வந்து தங்கியவர்கள் எல்லாரும் அவளை மிஸஸ் என்றே கூப்பிட்டார்கள். அவளும் திருத்தவில்லை.

“அந்த ராய்ஸ்டன் விக்கணும்னு துடிக்கிறான். துடிக்கட்டும். என்னைத் தூக்கிட்டுப் போனாத்தான் உண்டு, கண்ணு. நீ பிஸ்கட் எடுத்துக்கோ.”

ஆகவே மிஸஸ் ஆக்ராய்ட் சொன்ன நேர்வழி நடக்காத காரியம். அவள் கையெழுத்துப் போடமாட்டாள். ராய்ஸ்டனும் பங்கு கொடுக்கமாட்டான். அவனும் அருவருப்பான ஆள்தான். பேசும்போது சிறுவிரலால் காது குடைந்து, எடுத்ததைப் பார்த்துவிட்டுக் கால்சட்டையில் துடைப்பான்.

“அது கெழவி இல்லண்ணே, அட்டை. மாமா ரத்தத்தைக் குடிச்சது பத்தாதுன்னு இப்ப செவத்துல ஒட்டிக்கிச்சு” என்றான். “உப்பு போட்டாத்தான் விடும்.”

அட்டை மாதிரி அவளைப் பிய்த்து எறிய முடியாது என்று அவனுக்கு விளக்கினேன். பதிவேடு என்ன சொல்கிறது, சட்டம் எதைப் பார்க்கிறது, எந்த நாளில் பார்க்கிறது என்பதை ஒரு காகிதத்தில் படம் போட்டே காட்டினேன். ஒரு விஷயம் எப்படி வேலை செய்கிறது என்று புரியவைப்பதில் எனக்கு எப்போதும் ஒரு சந்தோஷம் உண்டு. அவளை அகற்றத் தேவையில்லை. அவள் யார் கண்ணிலும் படாமலிருந்தால் போதும். ராய்ஸ்டன் காதிலிருந்து விரலை எடுத்துவிட்டான்.

அவளுக்கு மூன்றாம் மாடியில் பின்பக்க அறை. படி ஏறி இறங்க மூட்டு ஒத்துழைக்கவில்லை. அதனால் வேலை சுலபமாக நடந்தது, இதில் யாரும் முரட்டுத்தனம் காட்டவில்லை. ராய்ஸ்டன் அவளுடைய பொருள்களை ஒவ்வொன்றாக மேலே கொண்டுபோய்க் கொடுத்தான். சால்வை, செருப்பு, வானொலி, டூத்பிரஷ், பல் போடும் தம்ளர். “எல்லாம் கைக்கெட்டுற தூரத்துல இருக்கட்டும்” என்றான். அவளுக்கு அதில் மகிழ்ச்சி. அவன் திருந்திவிட்டான் என்று என்னிடமே சொன்னாள். வயதானவர்களுக்கான கழிவறை நாற்காலி ஒன்றையும் வாங்கி வைத்தோம். கீழே மூன்று தளங்களையும் ஆள் வைத்துக் கழுவினேன். பரணில் அவளுடைய முடி சுற்றிய சீப்பு ஒன்று கிடந்தது. அதைக் கையுறை போட்டுத்தான் எடுத்தேன்.

அறைக்கதவை மறைக்க ஹரால்டின் துணி அலமாரி பொருத்தமாக இருந்தது. கதவைவிட ஒரு கை அகலம் அதிகம். அந்த யோசனை ராய்ஸ்டனுடையது என்று விசாரணையின் முதல் நாள் உங்களிடம் சொல்லியிருந்தேன். அளவெடுத்தது நான்.

வெள்ளிக்கிழமை கிரயம் என்று குறித்தார்கள். அன்று காலை ராய்ஸ்டன் அவளிடம் ஒரு பிளாஸ்க் தேநீரும் பிஸ்கட் பொட்டலமும் கொடுத்தான். மரப்பூச்சிக்கு மருந்து அடிக்கிறார்கள், சாயங்காலம்வரை கதவைத் திறக்காதே என்று சொன்னான். பிறகு நாங்கள் இருவரும் அலமாரியை நகர்த்தி வைத்தோம். “சாயங்காலம் நீங்க தொறந்து விட்டுட்டு கவுன்சிலுக்குப் போன் போட்டுடுங்கண்ணே. அவங்க எங்கயாவது இடம் பாத்துக் குடுப்பாங்க” என்று சொல்லிவிட்டு விமான நிலையத்துக்குப் போனான். டெனரிஃப் தீவில் வெயில் காய அறை போட்டிருந்தான்.

வீடு விற்றுக்கொடுக்கும் ஏஜென்ட் பெண்ணை அழைத்துக்கொண்டு வீடு முழுவதும் நடந்தேன். ஒவ்வொரு அறையாகப் படம் எடுத்தேன். மூன்றாம் மாடியில் அந்தப் பெண் மூக்கை உறிஞ்சினாள்.

“ஏதோ நாறுதே, உங்களுக்குத் தெரியலையா?”

“எலி செத்திருக்கும்.”

“சே, நல்ல வேளை நீங்க வாங்கறீங்க, நான் இல்ல” என்று சிரித்துவிட்டு இறங்கிப்போனாள். சட்டம் கண்ணால் பார்க்கச் சொல்கிறதே தவிர முகரச் சொல்லவில்லை. யாருமில்லை என்று டாமியனுக்கு ஒரு வரி எழுதினேன்.

இனி நடந்தது என் கையில் இல்லை. என் பழைய வீட்டை வாங்குபவர் ஒருவர். அவருடைய வீட்டை வாங்குபவர்கள் கைக்குழந்தையோடு ஓர் இளம் தம்பதி. சங்கிலி மாதிரி, ஒருவர் பணம் வந்தால்தான் அடுத்தவர் பணம் நகரும். அந்தத் தம்பதியின் வங்கி பிற்பகலில் தூங்கிவிட்டது. நேரம் தாண்டினால் அடுத்த வேலை நாள் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. சனி, ஞாயிறு. திங்கள் ஆகஸ்ட் மாத வங்கி விடுமுறை. ஆகவே செவ்வாய்.

“சகஜம் சார் இது. நல்லா பீச்சுக்குப் போய்ட்டு வாங்க” என்றான் டாமியன்.

என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். வெள்ளியிலிருந்து செவ்வாய்வரை அந்த வீடு என்னுடையது அல்ல. சாவி ஏஜென்ட்டிடம். அடுத்தவர் வீட்டுக்குள் போவது அத்துமீறல். போய் அலமாரியை நகர்த்தியிருந்தால் அவள் அங்கே இருப்பது எனக்குத் தெரியும் என்று ஆகிவிடும். அதன்பின் வாங்கமுடியாது. நான் வாங்காவிட்டால் சங்கிலியே அறுந்து, அந்தக் கைக்குழந்தை எங்கே போகும். ‘முடிஞ்சுதா’ என்று ராய்ஸ்டன் செய்தி அனுப்பினான். ‘முடிந்துவிடும்’ என்று பதில் போட்டேன். அதில் பொய் எதுவும் இல்லை.

பின்பக்க ஜன்னல் பெயின்ட்டில் ஒட்டிப்போய்த் திறக்காது. அதற்குக் கீழே மீன் கழிவுத் தொட்டிகள் இருக்கின்றன, எந்நேரமும் கடற்பறவைகள் அலறும். அவள் கூப்பிட்டிருந்தாலும் அந்த அலறலோடு ஒன்றாகத்தான் கேட்டிருக்கும்.

செவ்வாய் மதியம் பணம் சேர்ந்தது. ஏஜென்ட் பெண் சாவியோடு ஒரு பூந்தொட்டியும் கொடுத்து வாழ்த்துச் சொன்னாள். நேராக மேலே போய் அலமாரியை நகர்த்தினேன். நீங்கள் படங்களைப் பார்த்திருக்கிறீர்கள். கதவின் உள்பக்கத்துப் பெயின்ட் சுரண்டப்பட்டிருந்ததைப் பற்றி நீங்கள் இரண்டு தடவை கேட்டுவிட்டீர்கள். என் கண்ணைவிட்டுப் போகாதது வேறு. அவளுடைய பூச்சாடியில் தண்ணீர் இல்லை. தண்டெல்லாம் அழுகிக் கொழகொழத்துக் கிடந்தது. அந்தத் தண்ணீரை அவள் குடித்திருக்கிறாள். பல் தம்ளரும் காலி. மனிதர்கள் எவ்வளவு கீழே இறங்கிவிடுகிறார்கள்.

உங்களுக்குப் போன் செய்தது நான்தான் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பக்கத்து வீட்டுப் பெண் என்னை எப்போது பார்த்ததாகச் சொன்னாள்? சனிக்கிழமை. சரி. துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள், எனக்கும் ஞாபகம் இருக்கிறது. ராய்ஸ்டன் வெள்ளிக்கிழமை காலையிலேயே தன்னிடமிருந்த இன்னொரு சாவியை என்னிடம் கொடுத்துவிட்டான். மாடிப்படிக்குப் புதுக் கம்பளம் போட வேண்டியிருந்தது, அளவெடுக்கத்தான் போனேன். அளவுநாடா மூன்றாம் மாடியின் கடைசிப் படியில் கைநழுவி விழுந்தது. அலமாரிக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. தெளிவான குரல், நீங்கள் நினைப்பது போலப் பலவீனமாக இல்லை.

“யாரு கண்ணு அது?”

நான் அளவுநாடாவை எடுத்துச் சுருட்டினேன். அவள் விடவில்லை. கதவைத் தட்டிக்கொண்டே கேட்டாள்.

“அங்க யாரு? யாராச்சும் இருக்கீங்களா?”

பின்கட்டில் அந்தப் பெண் இன்னும் துணியை உதறிக்கொண்டிருந்தாள். இவள் இப்படியே கூப்பிட்டுக்கொண்டிருந்தால் கேட்டுவிடும். பயமுறுத்தவும் எனக்கு மனமில்லை. அதனால் அலமாரியில் வாயை வைத்து, மெதுவாகத்தான், யாருமில்லை என்றேன்.