டெல்ஃபினின் புதுக் கதவுகள்

பழைய சமையலறையைப் புதிதாக்க எதையும் இடிக்க வேண்டியதில்லை, கண்ணுகளா. அலமாரிப் பெட்டிகள் உறுதியாக இருந்தால் அப்படியே விட்டுவிடலாம். கதவுகளை மட்டும் மாற்றி, வெளியே தெரிகிற சட்டங்களில் மெல்லிய தகடு ஒட்டினால் முடிந்தது. மூன்று நாள் வேலை. உள்ளே இருக்கிற ஒரு கோப்பையைக்கூட நகர்த்த வேண்டாம்.

என் அக்கா டெல்ஃபினுக்கு அதைத்தான் செய்துகொடுத்தேன்.

டோலிடோவில் அப்பா கட்டிய வீடு. டெல்ஃபின் தனியாகச் சமாளிக்கிற வரை அவளுக்கு, அதன்பிறகு எனக்கு என்று எழுதிவைத்துவிட்டுப் போனார். நான் ஒரு சலவைக்கடையின் மாடியில் வாடகை அறையில் இருந்தேன். இருபத்தாறு வருடம். குறையாகச் சொல்லவில்லை.

எண்பத்தொரு வயதில் அவளுக்குக் கண் ஏறக்குறையப் போய்விட்டது. ஆனாலும் சமையலறையில் அவள் கை தடுமாறியதில்லை. குமிழ் உடைந்த கதவு காபி. ஓரம் ஊறி உப்பிய கதவு சர்க்கரை. அப்பாவின் சுருட்டு சுட்ட தழும்பு இருந்தால் மாத்திரை.

வசந்த காலத்தில் குளியலறையில் வழுக்கி விழுந்தாள். இரண்டு வாரம் மருத்துவமனை. அவள் தனியாக இருக்கலாமா என்று பார்க்க ஒரு பெண் வீட்டுக்கு வருவாள், அந்தப் பெண் முன்னால் டெல்ஃபின் காபி போட்டுக் காட்ட வேண்டும் என்றார்கள்.

டெல்ஃபின் சிரித்தாள். "காபியா? அதைத் தூக்கத்துலயே போடுவேன்டி நோரீன். வர்றவளுக்குச் சர்க்கரை எத்தனை கரண்டின்னு மட்டும் கேட்டு வை."

அந்த இரண்டு வாரத்தில்தான் தச்சர் டுவைட்டை வேலைக்கு அழைத்தேன்.

"கைப்பிடியே வேணாமா மேடம்? கீலையும் எதிர்ப்பக்கம் மாத்தச் சொல்றீங்க. அக்காவுக்குப் பழக நாளாகுமே."

"அவளுக்கு ஆச்சரியமா இருக்கட்டும்."

"அதென்னவோ இருக்கும்தான்" என்று திருகாணியை முடுக்கினார்.

பரீட்சையன்று காலையில்தான் அவளை வீட்டுக்குக் கூட்டிவந்தேன். வந்த பெண், கிர்ஸ்டன், நல்ல மாதிரி. "சமையலறையப் புதுசு மாதிரி வச்சிருக்கீங்களே" என்றாள். நன்றி என்றேன்.

டெல்ஃபின் வழவழப்பான கதவுகள் மேல் கையை ஓடவிட்டாள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, திரும்பவும் இந்தக் கோடிவரை.

"இது என் சமையக்கட்டு இல்ல."

"எல்லாம் இருந்த இடத்துலதான் இருக்கு, டெல்ஃபின்" என்றேன். அது உண்மை. கிர்ஸ்டன் எதையோ குறித்துக்கொண்டாள்.

கடைசியில் ஒரு கதவு திறந்தது. பாத்திரம் துலக்கும் தூளைக் கரண்டியால் அளந்து காபிப் பாத்திரத்தில் போட்டாள். வாசனையில் தெரிந்திருக்கும், அப்படியே நின்றுவிட்டாள்.

"நோரி, காபி எதுலடி?"

கூட இருப்பவர்கள் உதவக் கூடாது என்று கிர்ஸ்டன் முதலிலேயே சொல்லியிருந்தாள். நான் விதிப்படி நடப்பவள்.

முதியோர் இல்லத்தில் நல்ல அறையாகப் பார்த்துச் சேர்த்தேன். ஜூலையோடு சாப்பாட்டை நிறுத்திவிட்டாள். ஆகஸ்டில் அடக்கம். வந்தவர்களெல்லாம் இங்கே வந்துதான் சாப்பிட்டார்கள். எவ்வளவு பளிச்சென்று இருக்கிறது, அக்காவுக்காக எவ்வளவு செய்திருக்கிறாய் என்றார்கள். செய்தேன்தான்.

சும்மா ஒன்றும் எடுத்துவிடவில்லை. கடையில் பதினோரு மாதிரிக் கதவுகள் காட்டினார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தேன். விரலுக்கு எதுவுமே சொல்லாத ஒன்றைத்தான் எடுத்தேன்.